திருப்பூரில் ஒரு முத்திரைக்காக

மலர் கேட்டது இரண்டே தாள்கள். அவளுடைய பிறப்புப் பத்திரம் ஒன்று, அவளுடைய தாயினது ஒன்று. இரண்டிலும் யாழ்ப்பாணத்தில் மெய்யுறுதி முத்திரை குத்தியிருக்க வேண்டும். தபாலில் விட்டால் தொலைந்துவிடும் என்று பயந்தாள். மலர் என் சித்தியின் மகள். சண்டைக் காலத்தில் பதினாறு வயதில் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனவள். அதன் பிறகு நாங்கள் நேரில் பார்த்துக்கொள்ளவேயில்லை. நான் வடக்கில் ஒரு மாகாணத் திணைக்களத்தில் இருபத்தெட்டு வருடம் கிளாக்கராக இருந்து, ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. "நானே கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டேன்.

தாள்கள் மலரின் மகள் நிவேதாவுக்காக. நிவேதா திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு வியாபாரி கேட்பதை இங்கே தைக்கிறவர்களுக்குப் புரியவைத்து, தைத்ததற்கு அந்த வியாபாரியிடம் ஒப்புதல் வாங்கும் வேலை. பெல்ஜியத்து வியாபாரி ஒருவர் தன் நாட்டுக்கு இரண்டு வாரம் வந்து மாதிரிகளைச் சரிபார்த்துத் தரும்படி அவளைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தார். அவளிடம் பாஸ்போர்ட் இல்லை. அகதிகளுக்குப் பிறந்தவள், முகாமில் வளர்ந்தவள். இந்தியா அவளை இந்தியர் என்று ஏற்கவில்லை. தாயின் பத்திரங்களைக் காட்டி இலங்கைப் பிரஜையாகப் பதிந்தால் இலங்கைப் பாஸ்போர்ட் எடுக்கலாம் என்று யாரோ மலருக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் நான் போனேன்.

முதல் நாள்.

திருப்பூரில் நல்லூர் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் ஒரு சீட்டைக் கிழித்து நீட்டினார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

"பொம்பளைங்களுக்குக் காசில்லீங்க."

"நான் இலங்கை ஐயா. இந்த நாட்டுக்காரி இல்லை."

"எந்த ஊருன்னு கேக்கச் சொல்லி எங்களுக்குச் சொல்லலீங்க. பொம்பளையா இருந்தாப் போதும், உக்காருங்க."

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. எங்கள் ஊரில் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த வாசகம், "இந்தியாவைப் போல ஒரு மாநிலம் கிடைத்தால் போதும்" என்பது. மாநிலம் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். தானே ஒன்றைத் தீர்மானித்து, யாரிடமும் அனுமதி கேட்காமல், ஏறுகிறவளுக்கெல்லாம் கொடுப்பது. எங்கள் மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தே வருடக்கணக்காகிறது. மேலிருந்து நியமிக்கப்பட்ட ஆளுநரின் கையெழுத்தில் நிர்வாகம் நடக்கிறது. காணி அதிகாரம், பொலிஸ் அதிகாரம் எல்லாம் சட்டத்தில் அச்சடித்தபடி இருக்கின்றன. நான் பணிசெய்த காலம் முழுக்க அவை அச்சிலேயே இருந்தன.

இரண்டு மூன்று நிறுத்தம் தாண்டுவதற்குள் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. எல்லோரும் இறங்கினோம். கண்டக்டர் பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி எங்களை அதில் அடைத்தார். என் பெட்டி ஒரு அம்மாளின் மடியிலும் நான் படிக்கட்டிலுமாக நல்லூர் போய்ச் சேர்ந்தோம்.

நிறுத்தத்தில் மலர் நின்றாள். முகம் சித்தியின் முகம். "அக்கா, நீங்கள் இளைச்சுப் போனியள்" என்று எங்கள் பேச்சில் சொல்லிக் கையைப் பிடித்தவள், அடுத்த மூச்சில் ஆட்டோக்காரரிடம் திரும்பி, "ஏனுங்ணா, ரெண்டு வீதி தள்ளிப் போகோணும், வர்றீங்களா?" என்றாள். ஒரே வாயில் இரண்டு ஊர்.

தங்குவதற்கு நிவேதாவின் முதலாளி சென்னியப்பன் தன் வீட்டு மாடியைக் கொடுத்தார். வெளிநாட்டு வியாபாரிகள் வந்தால் தங்கும் அறை அது. மூலனூர்ப் பக்கம் முருங்கைத் தோப்பும் நல்லூரில் கம்பெனியும் வைத்திருக்கும் அறுபது வயதுக்காரர். இரவு உணவுக்குச் சந்தகை தந்தார்கள். எங்கள் இடியப்பம்தான், கொஞ்சம் மென்மையாக, தேங்காய்ப்பாலோடு. நான் எங்கள் ஊர்ச் சொதிக் குழம்பு இல்லையே என்று மனதுக்குள் தேடிக்கொண்டு நான்காவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

"ஏன் மலர், உன்ர வீட்டில நான் தங்கக் கூடாதோ?" என்று கேட்டேன்.

"முகாமுக்குள்ள வெளிநாட்டு ஆக்கள் தங்க ஏலாது அக்கா" என்றாள் அவள். "நீங்கள் வெளிநாடு."

அவளும் வெளிநாடுதான் என்கிறார்கள். இரண்டு வெளிநாட்டவரும் சகோதரிகள். ஆனாலும் ஒரே கூரையின் கீழ் படுக்கக் கூடாது. என் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டாம் நாள்.

முகாம் நகரத்துக்கு வெளியே, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வாசலில் புதுப் பெயர்ப்பலகை. முன்பு அகதிகள் முகாம் என்று இருந்ததை மாநில அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியிருக்கிறது. உள்ளே வரிசையாகப் புது வீடுகள், அவையும் மாநில அரசு கட்டியவை. தண்ணீர்க் குழாய் இருக்கிறது, ரேஷன் அரிசி வருகிறது. நிவேதா கல்லூரிக்குப் போனதும் அந்த அரசின் உதவியில்தான். நன்றியில்லாமல் பேச எனக்கு வாய் வராது. ஆனால் பலகையில் இருந்த அகதி என்ற சொல்லை அழிக்க முடிந்த அரசுக்கு, உள்ளே இருக்கிறவர்களின் பேருக்கு முன்னால் இருக்கும் அதே சொல்லை அழிக்க அதிகாரம் இல்லை. அது டெல்லியின் கையில். வாசலில் ஒரு நோட்டில் என் பெயர், நாடு, வந்த நேரம், போகும் நேரம் எழுதச் சொன்னார்கள். சாயந்தரத்துக்குள் போய்விட வேண்டும்.

மலர் அரிசியும் பருப்பும் சேர்த்துக் கொங்கு நாட்டு முறையில் சாதம் வைத்து, பக்கத்தில் எங்கள் தேங்காய்ச் சம்பலை அரைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நிவேதாவும் வீட்டில் இருந்தாள். இருபத்தேழு வயது. வெடுக்கென்று பேசாத, ஆனால் சொன்னதிலிருந்து நகராத பெண்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் தாள்களை எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் நிதானமாகப் படித்தாள்.

"பெரியம்மா, இதக் குடுத்தா நான் இலங்கைக்காரின்னு கையெழுத்துப் போடோணுமுங்களா?"

"ஓம், அப்பிடித்தான்."

"அப்புறம் அந்த பாஸ்போர்ட்ட வெச்சுட்டு பெல்ஜியம் போயிட்டுத் திரும்பி வந்தா, விசா இருந்தாத்தான இங்க உள்ள உடுவாங்க? எங்க ஊட்டுக்கு வர்றதுக்கு?"

மலர்தான் கொதித்தாள். "எத்தினை வருசம் பார்த்துக்கொண்டிருக்கிறது? கிடைக்கிறதை எடு. ஒரு நாடாவது உன்னை எங்கட ஆள் எண்டு சொல்லட்டும்."

"நான் பொறந்தது இங்கம்மா. படிச்சது இங்க. எனக்கு உங்க கடலும் தெரியாது, உங்க ஊருந் தெரியாது. அந்த ஊர் மேல எனக்குக் கோவமில்ல. பொய் சொல்லிக் கையெழுத்துப் போட மாட்டேங்கறேன், அவ்வளவுதான்."

"அப்ப பெல்ஜியம்?"

"போகாட்டிப் போகுது."

மலர் எழுந்து பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவ ஆரம்பித்தாள். இத்தனை தூரம் நான் சுமந்து வந்த தாள்கள் பாயின்மேல் கிடந்தன. எனக்கு முதலில் நிவேதாமேல்தான் எரிச்சல் வந்தது. திரும்பும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தபோது எரிச்சல் இடம் மாறியது. தன் ஊரை ஊர் என்று சொல்வதற்காக ஒரு பெண் தாயோடு சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது. எது உன் ஊர் என்று அவளையே கேட்கும் நிலைக்கு எங்களை யார் கொண்டுவந்தார்கள்?

மூன்றாம் நாள்.

நிவேதா தன் வழியைத் தீர்மானித்துவிட்டாள். இந்தியக் குடியுரிமைக்கே மனு கொடுப்பது. கம்பெனிக் கணினியில் விண்ணப்பத்தைத் திறந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தியாவுக்குள் நுழைந்த தேதி என்ன என்று கேட்டது. அவள் தன் பிறந்த தேதியை அடித்தாள். நுழைந்த இடம் என்ன என்று கேட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் பிறந்த அரசு ஆஸ்பத்திரியின் பெயரை அடித்தாள். விசா எண் என்ன என்று கேட்டது. அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்த பக்கம் போக அது விடவில்லை. தாயின் வயிற்றிலிருந்து வந்தவளிடம் விசா கேட்கும் ஒரு படிவத்தை, மனுசர் யாராவது ஒருமுறையேனும் வாசித்துப் பார்த்திருப்பார்களா?

"சரி, கடுதாசியில எழுதியே கொண்டு போய்க் குடுத்துக்கலாமுங்க" என்று கணினியை மூடினாள்.

மதியம் முதலாளி வீட்டிலிருந்து எல்லோருக்கும் முருங்கைக்காய்ச் சாம்பார் வந்தது. சாப்பாட்டு அறையில் நிவேதாவுக்குப் பக்கத்தில் சபிதா உட்கார்ந்தாள். ஒடிசாவிலிருந்து வந்து ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவள், இருவரும் நல்ல சிநேகிதம். சென்னியப்பனும் வந்து எங்கள் எதிரில் அமர்ந்தார். விண்ணப்பத்தின் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்து வைத்தால் இப்படித்தான் ஆகும், மாநிலங்களுக்கு இதில் ஒரு வாய்ச்சொல்லாவது வேண்டாமா என்றேன்.

"நாஞ் சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க அம்மிணி" என்றார் அவர். "மத்தியில கெட்டியா ஒரு ஆளு இருந்தாத்தானுங்க நாடு ஓடும். முந்தியெல்லாம் நம்ம சரக்கு லாரி ஒவ்வொரு மாநில எல்லையிலயும் நின்னு நின்னு போகும். இப்ப இங்க கெளம்புனா டெல்லியிலதான் நிக்குது. குடியுரிமைய மாநிலத்துக்கு மாநிலம் பிரிச்சுக் குடுத்துப் பாருங்க. நாளைக்கே எங்கியாச்சும் ஒருத்தன் தமிழன் இங்க வராதேம்பான்."

நிவேதா இதை சபிதாவுக்கு இந்தியில் சொன்னாள். சபிதா சோற்றைப் பிசைந்தபடி பதில் சொல்ல, நிவேதா எங்களுக்குத் தமிழில் தந்தாள். "அவ சொல்றா, முதலாளி சொல்றது நெசம். அவுங்க ஊர்ல வேலையில்ல. ரயிலேறி வந்தாளாம், வழியில எந்த எல்லையிலயும் யாரும் எறக்கி உடலையாம். அவுங்க ஊரு ரேஷன் கார்டுக்கு இங்கத்த கடையில அரிசி வாங்கறா. ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக் கதவப் பூட்டுனா நாங்க எங்க போறதுன்னு கேக்கறா."

நியாயமான கேள்வி. எனக்கும் உறைத்தது. மாநிலத்தின் கை ஓங்கினால் எல்லாம் நன்றாகிவிடும் என்று ஒரு வாழ்நாள் முழுக்க நம்பியவள் நான். சபிதாவை உள்ளே விட்டது டெல்லியின் பெரிய கைதான்.

"சரிதான் ஐயா" என்றேன். "சபிதாவுக்குக் கதவு திறந்ததை நான் குறை சொல்லேல்லை. திறக்கிற சாவி ஒரு ஆளிட்ட இருக்கட்டும். ஆனால் தட்டினால் 'ஆர் அது' எண்டாவது கேட்கவேணும். இந்தப் பிள்ளை பிறந்த நாள் தொடக்கம் தட்டுது. ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. இது கெட்டியான அரசோ, காது கேளாத அரசோ?"

"அது வேற விசயமுங்க."

"இல்லை, அதே விசயந்தான்."

அவர் சாம்பாரிலிருந்த முருங்கைத் துண்டை நெடுநேரம் சப்பிக்கொண்டிருந்தார். கை கழுவி வந்து, "கண்ணு, நாளைக்கு மனுவோட நம்ம கம்பெனி லெட்டரும் ஒண்ணு வெச்சுக்க. நல்ல புள்ள, நம்ம ஊருப் புள்ளன்னு எழுதித் தாரேன்" என்றார் நிவேதாவிடம். தன் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. கடிதத்தை மட்டும் அன்று சாயந்தரமே தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நான்காம் நாள்.

நிவேதாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். மனு கொடுக்க வேண்டிய அரசு அலுவலகத்துக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது பெட்ரோல் தீர்ந்தது. சாயத்துணி ஏற்றிய லாரிகளுக்கு ஒதுங்கி, வெயிலில் தள்ளிக்கொண்டே போனோம். மலர் முகாமிலிருந்து நேரே வந்து வாசலில் நின்றாள். முகம் இன்னும் இறுக்கம். ஆனால் வந்திருந்தாள்.

எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அங்கே இருந்த அதிகாரி கெட்டவர் அல்ல. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். எங்களை உட்காரச் சொன்னார், மனுவை முழுதாகப் படித்தார், படித்தபின் நிவேதாவிடமே திருப்பித் தந்தார்.

"இது சென்ட்ரல் சப்ஜெக்ட்மா. வீடு கேளுங்க, ரேஷன் கேளுங்க, படிப்புக்குக் கேளுங்க, செஞ்சு குடுக்கறோம். இது எங்க கையில இல்ல."

"மேல அனுப்பி வெக்கலாமில்லீங்க மேடம்?"

"அனுப்பினா அங்க எடுத்துக்க மாட்டாங்க. உனக்கு எதுக்கு வீணா?"

"அப்ப முடியாதுன்னு எழுதிக் குடுத்துருங்க மேடம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் எப்படிம்மா அத எழுதறது? முடியாதுன்னு சொல்ற அதிகாரமும் எனக்கு இல்லியே."

அந்த வாசகம் எனக்குத் தெரியும். நானே சொல்லியிருக்கிறேன். எங்கள் திணைக்களத்துக்கு ஒரு பெண் வருவாள், பார்வதி என்று பெயர். தான் குடியிருக்கும் காணிக்கு உரிமை தரும் உத்தரவுப் பத்திரம் கேட்டு நான்கு வருடம் நடந்தாள். "கொழும்பில இருந்து பதில் வரேல்லையம்மா, எங்கட கையில ஒண்டும் இல்லை" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். இரக்கத்தோடுதான் சொன்னேன். தேத்தண்ணீர்கூட வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் அவள் வருவதை நிறுத்தினாள். மேலிடம் அதிகாரத்தைத் தரவில்லை என்பது உண்மை. என் கையில் இருந்த கொஞ்ச அதிகாரத்தையும் அந்த உண்மைக்குப் பின்னால் ஒளித்து வைத்தது நான்.

"தங்கச்சி" என்றேன் அதிகாரியிடம். "நானும் உங்களைப் போல மேசைக்கு அந்தப் பக்கம் இருபத்தெட்டு வருசம் இருந்தவள். குடியுரிமை குடுக்கச் சொல்லி உங்களைக் கேட்கேல்லை. மனுவை வாங்கிக்கொண்டோம் எண்டு தேதி போட்டு ஒரு சீல் குத்த வேணும். அதுக்கும் டெல்லியிட்டக் கேட்கவேணுமோ?"

என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. மலர் என் முழங்கையைப் பிடித்தாள். அதிகாரி மனுவுக்குக் கை நீட்டினார்.

"கேக்க வேண்டாம்" என்றார் மெதுவாக.

மனுவைத் திரும்ப வாங்கி, நான் கொண்டுவந்த பத்திரங்களின் நகல்களையும் சென்னியப்பனின் கடிதத்தையும் பின்னால் வைத்துத் தைத்தார். இலங்கைப் பிரஜையாக்க என்று கடல் கடந்து வந்த தாள்கள், இந்தியப் பிரஜையாக்கச் சொல்லிக் கேட்கும் மனுவின் முதுகில் ஏறின. தபால் பிரிவுக்கு அவரே எங்களோடு நடந்து வந்தார். பிரதியில் முத்திரை விழுந்தது. தேதியின் கீழே சுருக்கொப்பம் போட்டுவிட்டு, "நான் அனுப்பி வைக்கறேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார்.

"இது போதுமுங்க மேடம்" என்றாள் நிவேதா. வெளியே வந்ததும் பெட்ரோல் வாங்க ஒரு பாட்டிலைத் தேடிக்கொண்டு போனாள். மத்தியானம் ஒரு ஷிப்மெண்ட் இருக்கிறதாம்.

நான் ஊர் திரும்பிய பின், பெல்ஜியத்துக்கு நிவேதாவின் கம்பெனித் தர மேலாளர் போனார். அளவுகளும் தையல் வகைகளும் அவருக்கு அத்தனை தெரியாது. ஒரு நாளைக்கு மூன்று தடவை நிவேதாவை வீடியோவில் கூப்பிட்டார்; அவள் நல்லூரில் உட்கார்ந்து ஒவ்வொரு மாதிரியையும் சொல்லிக் கொடுத்தாள். ஆர்டர் கிடைத்தது. வியாபாரி அந்த மேலாளருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். நிவேதா இதைத் தொலைபேசியில் என்னிடம் சொன்னபோது சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் திருப்பூரை விட்டுப் புறப்பட்ட அன்று மலர் பருப்புப் பூரணம் வைத்த ஒப்புட்டு செய்து கொண்டுவந்தாள். மகளோடு பேச ஆரம்பித்திருந்தாள். விமான நிலையத்தில் குடிவரவு மேசையில் என் பாஸ்போர்ட்டை நீட்டினேன். அலுவலர் முகத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார். அந்தப் புத்தகத்துக்காக நான் எதையும் செய்ததில்லை. ஓர் ஊரில் பிறந்தேன், அவ்வளவுதான். நிவேதாவும் அதைத்தான் செய்திருக்கிறாள்.

ஐந்து மாதம் ஓடியது. போன வாரம் அவள் அழைத்தாள்.

"பெரியம்மா, கடுதாசி வந்திருக்குதுங்க."

"என்னவாம்?"

"மனு மேலிடத்துக்கு அனுப்பப்பட்டதுன்னு போட்டிருக்குதுங்க. ஒரு ஃபைல் நம்பர் குடுத்திருக்காங்க."

"அவ்வளவோ?"

"அவ்வளவுதானுங்க."

பின்னால் மலர் அழுவது கேட்டது. துக்கத்தில் அல்ல. இத்தனை வருடத்தில் ஓர் அரசு அவர்களுக்குப் பேர் போட்டு எழுதிய முதல் பதிலாம் அது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு எண்ணைக் கண்டு ஒருத்தியை ஆனந்தக் கண்ணீர் விடவைக்கிற அரசுகள் என்ன அரசுகள், மத்தியில் இருந்தால் என்ன, மாநிலத்தில் இருந்தால் என்ன, எங்கள் நாட்டில் இருந்தால் என்ன என்று தொலைபேசியில் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

நிவேதா நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"கத்தாதீங்க பெரியம்மா. இத்தன நாளா யாரப் போயி என்னன்னு கேக்கறதுன்னே தெரியாம இருந்தமுங்க. இனி நம்பரச் சொல்லிக் கேக்கலாமில்லீங்க" என்றாள். "திங்கக்கெழமை லீவு போட்டிருக்கறனுங்க."